தவணை போனை விற்பதற்கு முன்: அமெரிக்க கேரியர் லாக்கை எடுக்கும் வரிசை

கேள்வியின் சுருக்கம் இது. ஏடி அண்டு டி என்ற அமெரிக்க தொலைபேசி நிறுவனத்தில் (இத்தகைய நிறுவனம்தான் 'கேரியர்') 36 மாதத் தவணையில் வாங்கிய ஐபோன் 15. இருபது மாதம் கட்டியாகிவிட்டது. புது போன் வந்துவிட்டதால் பழையதை அமெரிக்காவிலேயே விற்கலாமா, இல்லை சென்னைக்குப் போகும் உறவினரிடம் கொடுத்து அனுப்பலாமா என்று யோசனை. மாலில் உள்ள கடைக்காரர் நாற்பது டாலர் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அன்லாக் செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அன்லாக் இலவசம். அதைச் செய்யக்கூடியவர் அந்தக் கடைக்காரரும் இல்லை. முதலில் தவணை பாக்கியை அடைத்துவிட்டு ஏடி அண்டு டி-யிடம் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்ததும் வேறு நெட்வொர்க்கில் போட்டுப் பார்க்க வேண்டும். போனை அழிப்பதும் லைனை ரத்து செய்வதும் அதற்குப் பிறகுதான். அன்லாக் விவகாரத்தில் பெரும்பாலான சிக்கல்கள் இந்த வரிசையை மாற்றுவதால் வருபவை.

'லாக்' என்ற ஒரே சொல்லை நாலைந்து விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். கேரியர் லாக் என்பது இந்த போனில் எந்த நிறுவனத்தின் சிம் ஓடலாம் என்ற கட்டுப்பாடு. ஆக்டிவேஷன் லாக் உங்கள் ஆப்பிள் கணக்கோடு கட்டிய பூட்டு. 2013-ல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் அதற்கு இணையானது எஃப்ஆர்பி, அழித்த பிறகும் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் பூட்டு. பூட்லோடர் அன்லாக் என்பது வேறு சாஃப்ட்வேர் ஏற்றுகிறவர்களுக்கானது, சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிம் அட்டையே கேட்கும் பியூகே எண் இன்னொன்று. கடைக்காரர் 'அன்லாக் செய்து தருகிறேன்' என்று சொன்னால் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு விடை தெரியாது.

கேரியர் லாக் ஐபோனுக்குள் இருக்கும் ஒரு பூட்டுபோலத் தோன்றினாலும், உண்மையில் அது ஆப்பிளின் சர்வரில் உங்கள் ஐஎம்இஐ எண்ணுக்கு (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) எதிரே இருக்கும் ஒரு பதிவு. போன் ஆக்டிவேட் ஆகும்போது சர்வரிடம் கேட்கிறது. எந்த சிம்மை ஏற்கலாம் என்று சர்வர் சொல்கிறது. அந்தப் பதிவை மாற்றும்படி ஆப்பிளிடம் சொல்லும் உரிமை போனை விற்ற கேரியருக்கு மட்டுமே உண்டு. அதனால் ஐபோனுக்கு 'கோடு', அதாவது அடித்ததும் பூட்டைத் திறக்கும் ரகசிய எண், என்று எதுவும் கிடையாது. கோடு விற்கிறேன் என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். சாம்சங், மோட்டோரோலா போன்றவற்றில் மட்டும் சில மாடல்களுக்கு அன்லாக் பின் உண்டு. வேறு நிறுவன சிம்மைப் போட்டால் திரையில் நெட்வொர்க் அன்லாக் பின் கேட்கும். தவறான எண்ணைச் சில முறை அடித்தால் போன் அந்த வழியையே மூடிக்கொள்ளும், பிறகு சரியான கோடு வந்தாலும் ஏற்காது. ஊகித்து அடிக்கவே கூடாது.

முதலில் உங்கள் போன் லாக்கில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் அன்லாக் வேலையே இல்லை. ஆப்பிள் கடையில் முழுப் பணம் கொடுத்து, கேரியரோடு சேர்க்காமல் வாங்கியவை அப்படித்தான் இருக்கும். வேறு ஏதாவது வாசகம் இருந்தால் லாக். அதே பக்கத்தில் ஐஎம்இஐ எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், *#06# அடித்தாலும் வரும். பதினைந்து இலக்கம். இரண்டு ஐஎம்இஐ காட்டும் போன்களில் முதலாவதைக் கொடுங்கள், நிறுவனப் பதிவில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

இனி பணம். இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

எண்ணூறு டாலர் போன் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 22 டாலர் 22 சென்ட். இருபது மாதம் போக மீதி பதினாறு மாதத்துக்கு ஏறக்குறைய 356 டாலர் பாக்கி. அன்லாக் வேண்டுமென்றால் இந்தப் பணம் மொத்தமும் கட்டியாக வேண்டும், முக்கால்வாசி கட்டினேன் என்பதெல்லாம் எடுபடாது. ஆனால் பலர் 'இலவச போன்' சலுகையில் வாங்கியிருப்பார்கள். அதில் தவணை 22 டாலர் ஒரு பக்கம் ஏறும், அதே அளவு பில் கிரெடிட் (பில்லில் தரும் தள்ளுபடி) இன்னொரு பக்கம் கழியும். முன்கூட்டியே அடைத்தால் மீதி மாதங்களுக்கான கிரெடிட் நிற்குமா, லைன் இருக்கும்வரை தொடருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சலுகைக்குச் சலுகை மாறுகிறது. நின்றுவிடும் என்றால் அந்த 356 டாலர் முழுக்க உங்கள் கைப்பணம். பழைய போனை விற்றால் என்ன கிடைக்கும், அதிலிருந்து இந்தத் தொகை போக என்ன மிஞ்சும் என்று பாருங்கள். சில நேரம் கிரெடிட் ஓடி முடியும்வரை போனை மேஜை இழுப்பறையில் வைத்திருந்து, பிறகு விற்பதே லாபமாக இருக்கும். கணக்குப் போடும் முன் நிறுவனத்தின் ஆன்லைன் சேட்டில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதி பில் வரும்போது உதவாது.

பாக்கியோடு அப்படியே விற்றுவிட்டு மாதாமாதம் கட்டிக்கொண்டே போகலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். எக்காரணம் கொண்டும் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு தவணை தவறினாலும், லைனை மூடி பாக்கி நின்றாலும், நிறுவனம் அந்த ஐஎம்இஐ-யைக் கறுப்புப் பட்டியலில் போடலாம். வாங்கியவர் கையில் போன் சிக்னல் இல்லாமல் கிடக்கும். ஆன்லைன் சந்தையில் விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார், கிடைத்தும் விடும்.

பாக்கியை அடைத்த கையோடு விண்ணப்பம் போட்டால் கணினி இன்னும் பழைய பாக்கியைக் காட்டி மறுத்துவிடக்கூடும். ஓரிரு நாள் விட்டு, கணக்கில் தவணை பூஜ்யமானதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஏடி அண்டு டி-யின் நிபந்தனைகள் இவை: போன் அவர்கள் நெட்வொர்க்கில் குறைந்தது 60 நாள் ஓடியிருக்க வேண்டும்; முழுப் பணமும் கட்டியிருக்க வேண்டும்; தொலைந்தது, திருட்டு, மோசடி என்ற பதிவு இருக்கக் கூடாது. ப்ரீபெய்டு என்றால் 60 நாளுக்குப் பதில் ஆறு மாத சேவை. நிறுவனம் கொடுத்த அலுவலக போன் என்றால் அந்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அவர்கள் இணையதளத்தில் 'டிவைஸ் அன்லாக்' பக்கத்துக்குப் போய் போன் எண், ஐஎம்இஐ, மின்னஞ்சல் கொடுங்கள். உடனே ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள சுட்டியை 24 மணி நேரத்துக்குள் அழுத்த வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும். மறுக்கப்பட்டதாக நினைத்துப் புலம்புகிறவர்களில் கணிசமானவர்களின் கதை இதுதான்: அந்த அஞ்சல் ஸ்பேம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். அழுத்திய பிறகு இரண்டு வேலை நாளுக்குள் முடிவு வரும். சனி, ஞாயிறு சேராது.

டி-மொபைலில் போஸ்ட்பெய்டுக்கு 40 நாள் சேவை, முழுப் பணம். ப்ரீபெய்டுக்கு ஒரு வருடம், அதாவது 365 நாள். இது பலருக்குத் தெரியாமல் மலிவான ப்ரீபெய்டு போனை வாங்கி மூன்றாம் மாதமே விற்கப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களின் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அன்லாக் போனிலிருந்தே நடக்கும். சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ், நெட்வொர்க் அன்லாக். அங்கே தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு பொத்தான் இருக்கும். தற்காலிகம் வெளிநாட்டுப் பயணத்துக்கானது, சில வாரத்தில் பூட்டு திரும்பி வந்துவிடும். விற்பவர் நிரந்தரத்தை மட்டுமே தொட வேண்டும்.

வெரைசான் கதை கொஞ்சம் மாறிவிட்டது. 2008-ல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலத்தில் எடுத்தபோது ஒட்டிவந்த நிபந்தனையால் அவர்கள் போனைப் பூட்டவே கூடாது என்றிருந்தது. 2019-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 60 நாள் பூட்ட அனுமதித்தது. அதன்பின் தானாகத் திறந்துகொண்டது. பாக்கி இருந்தாலும்கூட. அதனாலேயே வெரைசான் போனுக்குச் சந்தையில் நல்ல பெயர் இருந்தது. 2026 ஜனவரியில் எஃப்சிசி அந்த 60 நாள் விதியிலிருந்தும் விலக்கு கொடுத்துவிட்டது. ஆகவே பழைய கட்டுரைகளில் 'வெரைசான் என்றால் கவலையில்லை' என்று படித்ததை நம்பாதீர்கள். போன் வாங்கிய தேதியில் எந்த விதி இருந்தது என்று பார்த்து, அபவுட் பக்கத்தையும் சரிபாருங்கள்.

பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து லாக் போன் விற்கவே தடை. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து புது போன் அன்லாக்காகத்தான் வர வேண்டும். இந்தியாவில் ஜியோ போன் போன்ற ஒரு சில மலிவு மாடல்களைத் தவிர இந்தப் பழக்கமே வேரூன்றவில்லை. எனவே இந்தத் தலைவலி பெரும்பாலும் அமெரிக்காவில் வாங்கிய போனுக்கானது.

அனுமதி வந்தபின் போனில் அதை நிறைவேற்ற வேண்டும். ஐபோனை வைஃபையில் இணைத்து, ஒருமுறை அணைத்துப் போட்டு, கேரியர் லாக் வரியைப் பாருங்கள். மாறவில்லை என்றால் வேறு நிறுவன சிம்மை ஏற்றுங்கள். அப்போதும் 'சிம் நாட் சப்போர்டட்' என்று வந்தால் பேக்கப் எடுத்துக்கொண்டு, முழுக்க அழித்து மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். அந்த நேரத்தில்தான் போன் ஆப்பிள் சர்வரிடம் புதிய விடையை வாங்கிக்கொள்கிறது.

சோதனை செய்வதில் ஒரு தந்திரமான இடம் உண்டு. ஏடி அண்டு டி போனில் 'கிரிக்கெட்' என்ற மலிவு நிறுவனத்தின் சிம் போட்டு ஓடினால் அன்லாக் ஆகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கிரிக்கெட் ஏடி அண்டு டி-யின் நெட்வொர்க்கிலேயே ஓடுவது, மின்ட்டும் மெட்ரோவும் டி-மொபைல், விசிபிள் வெரைசான். ஒரே கோபுரத்துக்குச் சொந்தக்காரர்களுக்குள் போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. எதிர் முகாம் சிம் வேண்டும். உங்களுடைய ஐபோன் 15-ல் சிம் போடும் இடமே கிடையாது; 2022-ன் ஐபோன் 14 தொடங்கி அமெரிக்க மாடல்கள் இசிம் (அட்டை இல்லாமல் சாஃப்ட்வேராக ஏறும் சிம்) மட்டும்தான். நண்பரின் சிம்மைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்க்க வழியில்லை. டி-மொபைலும் வெரைசானும் ஆப் வழியாக இசிம் இலவச டிரையல் தந்துவருகின்றன. அதில் ஒன்றை ஏற்றி, ஒரு அழைப்பும் வைஃபை அணைத்துவிட்டு டேட்டாவும் பார்த்துவிட்டால் போதும். போன் லாக்கில் இருந்தால் டிரையல் இசிம் ஏறாது, அதுவே விடை.

அந்த நாற்பது டாலர் கடைக்கு வருவோம். அவர்கள் செய்வது மூன்றில் ஒன்று. முதலாவது, நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே விண்ணப்பத்தை உங்கள் ஐஎம்இஐ கொடுத்துப் போட்டுவிட்டுக் காசு வாங்குவது. இரண்டாவது, சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை ஒட்டி, போனை ஏமாற்றி ஓடவைப்பது. அடுத்த ஐஓஎஸ் அப்டேட்டில் அது செத்துவிடும், அபவுட் பக்கத்தில் லாக் என்றே காட்டும், சிம் தட்டே இல்லாத போனில் ஒட்டவும் வழியில்லை. சென்னையில் ரிச்சி தெருவில் அமெரிக்க ஐபோன் என்றதும் சிம் தட்டை உருவிப் பார்ப்பவர்கள் தேடுவது இந்தச் சிப்பைத்தான். மூன்றாவது, நிறுவனத்துக்குள் இருப்பவரைப் பிடித்துத் திருட்டுத்தனமாகத் திறப்பது. கட்டுக்கதை என்று நினைக்க வேண்டாம். ஏடி அண்டு டி ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, அவர்கள் கணினியில் தீம்பொருள் ஏற்றி, சுமார் 19 லட்சம் போன்களைத் திறந்த ஒருவருக்கு 2021-ல் அமெரிக்க நீதிமன்றம் 12 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. இப்படித் திறந்த போனை நிறுவனம் கண்டுபிடித்தால் பூட்டு திரும்பி வரும், அப்போது மாட்டிக்கொள்பவர் வாங்கியவர்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2013 ஜனவரிக்குப் பிறகு வாங்கிய போனை அனுமதியில்லாமல் திறப்பது சட்டவிரோதம் என்று ஒரு நிலை வந்தது. 2014 ஆகஸ்ட் 1-ல் கையெழுத்தான அன்லாக் சட்டம் அதை நீக்கியது. தகுதி இருந்தும் நிறுவனம் மறுத்தால் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் சண்டை போட வேண்டியதில்லை. எஃப்சிசி இணையதளத்தில் நுகர்வோர் புகார் ஒன்றைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. அது நிறுவனத்துக்கு அனுப்பப்படும், 30 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் புகாரைக் கையாள்பவர் வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவர் இல்லை. அதிகாரம் உள்ள ஆள். பணம் கட்டிய ரசீது, மறுப்பு அஞ்சல் இரண்டையும் இணையுங்கள்.

அன்லாக் உறுதியான பிறகு போனைச் சுத்தம் செய்யலாம். பேக்கப், வாட்ஸாப் மாற்றம், வங்கி ஆப்கள், ஆதென்டிகேட்டர் (கணக்குகளில் நுழைய ஒருமுறை எண் தரும் ஆப்) எல்லாம் புது போனுக்குப் போய்விட்டனவா என்று பாருங்கள். ஆதென்டிகேட்டரை மறந்து அழித்துவிட்டால் கணக்குகளை மீட்க நாள்கணக்கில் ஆகும். ஆப்பிள் வாட்ச் இருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸ், ஜெனரல், கடைசியில் உள்ள 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்', 'இரேஸ் ஆல் கன்டென்ட்'. ஆப்பிள் கடவுச்சொல் கேட்கும், அதைக் கொடுத்தால் ஃபைண்ட் மை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைந்து ஆக்டிவேஷன் லாக்கும் போய்விடும். இசிம்மை வைக்கவா அழிக்கவா என்று கேட்டால் அழியுங்கள்.

இதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஐஓஎஸ் 17.3 முதல் திருட்டுப் பாதுகாப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும் நிலையில், போனுக்குப் பழக்கமில்லாத இடத்திலிருந்து ஆப்பிள் கணக்கை விட்டு வெளியேற முயன்றால் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். காபிக் கடையில் வாங்குபவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது? ஃபேஸ் ஐடி பழுதான போனில் இன்னும் சிரமம், ஏனென்றால் அந்தச் செயல்களுக்குக் கடவு எண் மட்டும் போதாது. மறந்துபோய்க் கொடுத்துவிட்டாலும் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அந்த போனைக் கணக்கிலிருந்து நீக்கலாம். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கையும், சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும் செட்டிங்ஸ் வழியாகவே நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். பொத்தான்களை அழுத்தி ரிகவரி வழியாக அழித்தால் எஃப்ஆர்பி விழித்துக்கொண்டு உங்கள் பழைய கணக்கையே கேட்கும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் ஏடி அண்டு டி லைனை மூடுவதாக இருந்தால் மூடலாம். ப்ரீபெய்டுக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: தேவையான நாள்கள் நிறைவதற்குள் ரீசார்ஜை நிறுத்தினால் தகுதியும் நின்றுவிடும்.

சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் வாங்குபவரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இது இசிம் மட்டும் ஓடும் போன். ஏர்டெல், ஜியோ, வி மூன்றும் இசிம் தருகின்றன. ஆனால் இருக்கும் எண்ணை மாற்றும்போது உறுதிப்படுத்தும் எஸ்எம்எஸ் பழைய சிம்முக்குத்தான் வரும். அது இன்னொரு போனில் உயிரோடு இருக்க வேண்டும். ஜியோ கேட்கும் 32 இலக்க இஐடி எண்ணும் (இசிம்மின் அடையாள எண்) அபவுட் பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்கடி நிறுவனத்தை மாற்றுகிறவர்களுக்கும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுகிறவர்களுக்கும் இந்த மாடல் பிடிக்காது. அந்தக் குறைக்காக விலையும் கொஞ்சம் குறையும்.

சாம்சங் அனுப்புகிறவர்களுக்கு வேறு சிக்கல். அமெரிக்க கேரியர் மாடல் எண் 'யு' என்று முடியும், இந்திய மாடல் வேறு. அன்லாக் செய்தாலும் உள்ளே இருப்பது அமெரிக்க சாஃப்ட்வேர்தான், இந்திய நெட்வொர்க்கின் வோல்டி (4ஜி வழியாகவே அழைப்பு போகும் முறை) அமைப்பு அதில் இல்லாமல் போகலாம். ஏர்டெல்லில் அழைப்பு 2ஜி-க்கு இறங்கியாவது போய்ச் சேரும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது, வோல்டி இல்லையென்றால் டேட்டா ஓடும், சாதாரண அழைப்பு போகாது. சாம்சங்கை ஜியோக்காரருக்குக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அமெரிக்காவிலேயே விற்றால் வாங்குபவர் சிடிஐஏ-வின் (அமெரிக்க கைபேசி நிறுவனங்களின் சங்கம்) திருட்டு போன் சோதனைத் தளத்தில் ஐஎம்இஐ-யைப் போட்டுப் பார்ப்பார். இந்தியாவில் அரசின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு ஐஎம்இஐ-யைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினாலும் விவரம் வரும். நீங்களும் முன்பே பார்த்து வையுங்கள். அன்லாக் அனுமதி அஞ்சல், தவணை பூஜ்யம் என்று காட்டும் பில், 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகிய மூன்றையும் விளம்பரத்தோடு போடுங்கள், பில்லில் உள்ள முகவரியையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு. ஐஎம்இஐ-யை மட்டும் பொதுவில் போடாதீர்கள், கேட்பவருக்குத் தனியாக அனுப்புங்கள்.